அவள் வாசிக்கவில்லை, ஒப்பித்தாள்: சின்னப் பிள்ளையின் வாசிப்பை வீட்டிலேயே சோதிப்பது எப்படி

2012-ல் தமிழ்நாட்டில் இருந்தவர்கள் யாரும் அந்த மின்வெட்டை மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் சாயங்காலம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. என் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. கூடத்தில் உட்கார்ந்து தமிழ்ப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. அவள் நிறுத்தவில்லை. கும்மிருட்டில் நான் தட்டுத்தடவி மெழுகுவர்த்தியைத் தேடி எடுக்கும்வரை பாடம் ஒரு சொல் பிசகாமல் வந்துகொண்டே இருந்தது.

தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். அவள் படித்த பள்ளியிலிருந்து வந்த ரேங்க் கார்டில் தமிழ் வாசிப்புக்கு எப்போதும் 'ஏ பிளஸ்'. நானோ ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவள், என் வீட்டுப் பிள்ளையைக் கார்டைப் பார்த்தே நம்பிவிட்டேன். மறுநாள் காலையில் அதே பாடத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன?" என்றேன். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். என் விரல் இருந்த இடத்தைத் தாண்டிப் போய் வேறொரு சொல்லைச் சொன்னாள்.

அந்தப் பள்ளியைத் திட்டிப் பிரயோஜனமில்லை. நடத்திய பாடத்தையே வாசிக்கச் சொன்னார்கள், அவள் காதில் விழுந்ததைச் சொன்னாள். அவர்கள் சோதித்தது ஞாபகசக்தியை. அன்றைக்கு ராத்திரி ஒரு தாளை எடுத்து அவளுக்கென்று நானே ஒரு சோதனை எழுதினேன். அதைத் திருத்தித் திருத்தி இன்றுவரை வகுப்பில் வைத்திருக்கிறேன். தென்காசி மாவட்டத்தில் ஆலங்குளம் பக்கம் எங்கள் பள்ளி. இங்கே வருகிற அம்மாக்களுக்கு வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது எழுதி வைக்கிறேன்.

தாள் எழுதுவது

பாடப்புத்தகத்தைத் தொடாதீர்கள். ஒரு வெள்ளைத் தாள், கறுப்பு ஸ்கெட்ச் பேனா போதும். எழுத்து பெரிதாக, சொல்லுக்குச் சொல் நல்ல இடைவெளியோடு இருக்கட்டும். படம் வரையாதீர்கள். மயில் படம் இருந்தால் பிள்ளை படத்தைப் பார்த்து 'மயில்' என்று சொல்லிவிடும், நமக்கு ஒன்றும் தெரியாது.

தாளில் நான்கு பகுதி. இந்த ஏற்பாடு என் கண்டுபிடிப்பு இல்லை. 'பிரதம்' என்கிற கல்வித் தொண்டு அமைப்பு 2005-லிருந்து கிராமம் கிராமமாக வீட்டுக்கே போய் எடுக்கிற 'ஏசர்' ஆய்வில் இப்படித்தான் எழுத்து, சொல், பத்தி, கதை என்று நான்கு படி வைத்திருக்கிறார்கள். சொற்களும் கதையும் மட்டும் நம் ஊருக்குத் தக்கபடி நானே எழுதிக்கொண்டேன். என் தாள் இது:

எழுத்து: ம, ட, கி, நூ, பே, லை, தொ, ற், ழு, ணா

சொல்: படம், மயில், கூடை, நெல், தேன், கொசு, பேனா, துணி, வாழை, முறுக்கு

பத்தி: எங்கள் வீட்டில் ஓர் ஆடு இருக்கிறது. அதன் பெயர் செவலை. அது வேப்பிலை தின்னும். மழை வந்தால் கத்தும்.

கதை: பாட்டி முற்றத்தில் நெல் காயப் போட்டாள். கோழி ஒன்று ஓடி வந்து நெல்லைக் கொத்தியது. பாட்டி கம்பை எடுத்து விரட்டினாள். கோழி திண்ணைக்குக் கீழே ஒளிந்துகொண்டது. பாட்டி உள்ளே போனதும் மறுபடியும் வந்தது. இந்த முறை நான்கு குஞ்சுகளையும் கூட்டி வந்தது. பாட்டி சிரித்துவிட்டாள். ஒரு பிடி நெல்லை எடுத்துத் தனியே போட்டாள்.

எழுத்துகளை ஏன் இப்படிக் கலைத்துப் போட்டிருக்கிறேன் என்றால், அ, ஆ, இ, ஈ என்று வரிசையாக எழுதினால் அது பாட்டாக வந்துவிடும். 247 எழுத்தையும் கேட்க வேண்டியதும் இல்லை. அந்த எண்ணைச் சொல்லித்தான் நிறைய பெற்றோர் பயப்படுகிறார்கள். 216 உயிர்மெய்யையும் தனித்தனியாக யாரும் மனப்பாடம் செய்வதில்லை. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு என்று சில குறிகள் பிடிபட்டால் அவை எல்லா எழுத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். அடங்காதவை உகரமும் ஊகாரமும். கு, சு, து, மு, ரு என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வளையும். அதனால்தான் பத்து எழுத்தில் நூவும் ழுவும் வைத்திருக்கிறேன்.

சொல்ல மறந்துவிட்டேன், வீட்டில் தாத்தா பாட்டி சொல்லிக்கொடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். என் வகுப்பில் ஒரு பெண் 'யானை' என்று எழுதும்போது னைக்கு முன்னால் ஒரு தும்பிக்கை போட்டுக்கொண்டு வந்தாள். யானைக்குத் தும்பிக்கை இருக்க வேண்டியதுதானே என்று முதலில் சிரித்தேன். தாத்தா சொல்லிக்கொடுத்தாராம். தாத்தா மேல் தப்பில்லை. 1978-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வரும்வரை ணை, லை, ளை, னை எல்லாம் அப்படித்தான் எழுதப்பட்டன. பிள்ளைக்கு இப்போதைக்கு ஒரு வடிவம் போதும், அவ்வளவுதான்.

உட்கார வைப்பது

பள்ளி விட்டு வந்ததும் பிடித்து உட்கார வைக்காதீர்கள். ஏதாவது தின்று, தெருவில் கொஞ்சம் ஓடி விளையாடி வரட்டும். டிவி ஓடக் கூடாது. அத்தை, சித்தப்பா யாரும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. 'பரீட்சை' என்ற சொல்லே வாயில் வர வேண்டாம். "இந்தத் தாள்ல ஒரு ஆட்டைப் பத்தி எழுதியிருக்கேன், வாசிச்சுச் சொல்லு மக்கா" என்றால் போதும். எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். விரலை வைத்து வாசிக்கட்டும். விரல் வைத்தால் வேகம் வராது என்று சிலர் கையைத் தட்டிவிடுகிறார்கள். ஏழு வயதில் விரல்தான் கண்ணுக்குக் கைத்தடி.

எழுத்திலிருந்து தொடங்க வேண்டாம், பத்தியிலிருந்து தொடங்குங்கள். பத்தியைச் சொல் சொல்லாகத் துண்டாக்காமல், வாக்கியமாக, மூன்று பிழைக்கு மிகாமல் வாசித்தால் கதைக்குப் போங்கள். திணறினால் சொல்லுக்கு இறங்குங்கள். ஏதாவது ஐந்து சொல்லை அதன் விருப்பத்துக்கே எடுக்கச் சொல்லி, நான்கு சரியாக வந்தால் பிள்ளை சொல் நிலையில் இருக்கிறது. அதுவும் வரவில்லை என்றால் எழுத்து, அங்கேயும் ஐந்துக்கு நான்கு. கணக்கு இவ்வளவுதான், மார்க்கெல்லாம் கிடையாது.

உங்கள் கையில் அதே தாளின் இன்னொரு நகல் இருக்கட்டும். சரியாக வாசித்த சொல்லுக்கு ஒன்றும் போடாதீர்கள். தப்பாக வாசித்தால், பிள்ளை என்ன சொன்னதோ அதை அந்தச் சொல்லின் தலைக்கு மேல் அப்படியே எழுதுங்கள். 'தப்பு' என்று பெருக்கல் குறி போடுவதால் ஒரு பயனும் இல்லை. என்னவென்று வாசித்தது என்பதுதான் நமக்கு வேண்டிய சேதி. நின்றுவிட்டால் ஒரு புள்ளி. தப்பாகச் சொல்லிவிட்டு அதுவே திருத்திக்கொண்டால் ஒரு வட்டம். அந்த வட்டத்தைப் பார்த்தால் எனக்கு ஏ பிளஸைப் பார்த்ததைவிடச் சந்தோஷம். தான் சொன்னது பொருந்தவில்லை என்று பிள்ளைக்கே தெரிகிறது என்று அர்த்தம்.

அப்புறம், வாயைக் கட்டுங்கள். இதுதான் பெற்றோருக்கு முடியாத காரியம். பிள்ளை ஒரு சொல்லில் நின்றதும் நம் உதடு தானாக அசையும். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். அதற்குள் வரவில்லை என்றால், "சரி, அதை விடு, அடுத்தது" என்று போய்விடலாம். சொல்லிக்கொடுப்பதெல்லாம் நாளைக்கு.

கதையை முடித்ததும் இரண்டே கேள்வி. ஒன்று தாளிலேயே பதில் இருப்பது: பாட்டி எதைக் காயப் போட்டாள்? இன்னொன்று யோசிக்க வேண்டியது: பாட்டி ஏன் சிரித்தாள்? ஒரு பையன் கதை முழுவதையும் தட்டாமல் வாசித்தான். ஏன் சிரித்தாள் என்றதும் முழித்தான். இன்னொருத்தி ஏழெட்டு இடத்தில் நின்று நின்று வாசித்தவள், "கோழி ஆள் கூட்டிட்டு வந்துட்டுல்லா டீச்சர்" என்றாள். இவள் தப்பித்துவிடுவாள் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பையனுக்குத்தான் வேலை அதிகம் இருந்தது.

வேகத்தைப் பற்றியும் கேட்பீர்கள். 2021-ல் வந்த மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல் வாசிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு மொபைலில் ஸ்டாப்வாட்ச் ஓட்டாதீர்கள். தமிழ்ச் சொல் நீளமானது. 'போய்க்கொண்டிருந்தார்கள்' என்பது நமக்கு ஒரே சொல், பிள்ளைக்கு அது ஒரு ரயில். பெட்டி பெட்டியாகத்தான் அது கடந்துபோகும். காதுக்கு வாக்கியமாகக் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிழையைப் பார்த்தால் என்ன தெரியும்

இனி நீங்கள் எழுதிவைத்த அந்தத் தாளைப் பிள்ளை தூங்கின பிறகு எடுங்கள்.

'பட்டம்' என்பதை "பானா, இட்டு, டானா, இம்மு" என்று சொல்லிவிட்டு, கடைசியில் என்ன சொல் என்று தெரியாமல் உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? எழுத்தின் பெயர் தெரிகிறது, ஓசை தெரியவில்லை. ஆனா, ஆவன்னா, கானா என்று பழகிய வீடுகளில் இது நிறைய வரும். பானாவையும் இட்டையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'பட்' வராது. இந்தப் பிள்ளைக்கு எழுத்தின் பெயரைக் கேட்பதை ஒரு மாதம் அடியோடு நிறுத்துங்கள். ப, பட், பட்ட, பட்டம் என்று இழுத்து இழுத்துச் சேர்த்து ஓசையாகவே சொல்லிக்காட்டுங்கள். புள்ளி வைத்த எழுத்தை ஒருபோதும் தனியாக நிறுத்தாதீர்கள், முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டியே சொல்லுங்கள்.

'நெல்' என்பதை 'நேல்' என்றும் 'தேன்' என்பதை 'தென்' என்றும் வாசித்தால் குறில் நெடில் குழப்பம். கொம்பில் இருக்கும் ஒரு சின்னச் சுழிதான் வித்தியாசம். எடு - ஏடு, கொடு - கோடு, தொடு - தோடு என்று ஜோடி ஜோடியாக எழுதிக் காட்டுங்கள். தோட்டைத் தொடு, கோட்டைப் போடு என்று வேலை கொடுத்தால் இரண்டு நாளில் பிடிபடும். காதில் கிடக்கிற தோட்டைவிட நல்ல பாடப்பொருள் கிடையாது.

'கொசு' என்பதில் நின்றுவிட்டால் பெரும்பாலும் காரணம் இதுதான்: எழுதியிருப்பது ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் என்ற வரிசையில், ஆனால் வாயில் முதலில் வர வேண்டியது க். கண் இடமிருந்து வலமாகப் போகும்போது வாய் மட்டும் ஒரு குதி குதித்துத் திரும்ப வேண்டும். பெரியவர்களுக்கு இது தெரியவே தெரியாது, பழகிவிட்டோம். பிள்ளைக்குக் கொம்பையும் எழுத்தையும் காலையும் ஒரு வட்டத்துக்குள் போட்டு, "மூணும் சேர்ந்து ஒரு ஆள்" என்று சொல்லுங்கள்.

'மயில்' இருக்கும் இடத்தில் 'மரம்' என்றால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறது. சொல்லின் கடைசிப் பாதியைக் கட்டைவிரலால் மறைத்து, மெல்ல நகர்த்தி நகர்த்திக் காட்டினால் ஊகிக்க முடியாது.

பகல், தங்கம் இரண்டிலும் ககரம் ஒன்றுதான், ஓசை வேறு வேறு. தமிழில் இதற்குத் தனி எழுத்து இல்லை. பிள்ளை 'தங்கம்' என்பதைக் கல்லில் வருகிற 'க' மாதிரி அழுத்திச் சொல்லித் தடுமாறினால், "நம்ம எப்படிப் பேசுவோம்?" என்று மட்டும் கேளுங்கள். சட்டென்று திருத்திக்கொள்ளும். அந்தச் சொல் பிள்ளையின் வாயில் முன்பே இருக்கிறது, தாளில் இருப்பதோடு அதை இணைத்துவிட்டால் போதும்.

பிழையே இல்லாதவற்றையும் பிழை என்று குறித்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் 'வாழை' என்பதை 'வாளை' என்று வாசிக்காத பிள்ளை அபூர்வம். வீட்டில் அம்மாவும் அப்படித்தான் சொல்கிறாள். வாசிப்பில் அது குறையே இல்லை. ழகரத்தை நாக்குக்குப் பழக்குவது தனி வேலை, அதை வேறொரு நாள் பாட்டுப் பாடிச் செய்துகொள்ளலாம். அதே மாதிரி 'வந்தது' என்று இருப்பதை "வந்துச்சு" என்று வாசித்தால் நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். எழுத்தைப் பார்த்து அர்த்தம் எடுத்து, அதைத் தன் பேச்சில் சொல்லியிருக்கிறது. ஒப்பிக்கிற பிள்ளை ஒரு நாளும் 'வந்துச்சு' என்று சொல்லாது.

அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால் உங்களுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்ற பெயர்கள் காதில் விழுந்திருக்கும். 2022-ல் தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியபோது பிள்ளைகளைக் கற்றல் நிலையை வைத்து இப்படிப் பிரித்தோம். உடனே வாசலில் ஒரு அம்மா, "எம்பிள்ள ஏன் டீச்சர் அரும்புல கெடக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ள மலராம்லா" என்று சண்டைக்கு வந்துவிட்டார். அது ரேங்க் இல்லை. சட்டைக்கு அளவு எடுக்கிற மாதிரிதான். அரும்பில் இருக்கிற பிள்ளைக்கு மலர் நிலைப் பயிற்சியைக் கொடுத்தால் தொளதொளவென்று இருக்கும். டீச்சரிடம் போய் "எப்போ மலருக்கு வருவான்?" என்று கேட்பதைவிட, "இப்போ எந்த எழுத்துல நிக்கான்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல எங்களுக்கும் லேசு.

வீட்டுப்பாடம்

நான் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு எழுத்து வேலை கொடுத்து அனுப்புவதில்லை. "ஹோம்வொர்க்கே குடுக்க மாட்டேங்கியளே டீச்சர், பிள்ளைய எப்படி உக்கார வைக்க?" என்று பாதிப் பெற்றோர் கோபிக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே இந்த இரண்டு வகுப்புக்கும் வீட்டுப்பாடம் கூடாது என்று சொல்லியாயிற்று. 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட புத்தகப்பைக் கொள்கையிலும் இரண்டாம் வகுப்புவரை வீட்டுப்பாடம் இல்லை, மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறது. ஆனாலும் வாட்ஸ்அப் குரூப்பில் 'பாடம் 4, பத்து முறை எழுதி வரவும்' என்று வருகிற பள்ளிகள் இருக்கத்தான் செய்கின்றன.

'பத்து முறை' எழுதும்போது பிள்ளையின் பக்கத்தில் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். நான் பார்த்திருக்கிறேன். 'அம்மா' என்று பத்து முறை எழுத வேண்டும். அவன் முதலில் ஓரமாக மேலிருந்து கீழே பத்து 'அ' போட்டான். பிறகு மேலே போய்ப் பத்து 'ம'. மறுபடியும் மேலே போய்ப் பத்து புள்ளி. அப்புறம் பத்து 'மா'. நாலு நிமிடத்தில் வேலை முடிந்தது. கெட்டிக்காரத்தனமான வேலைதான், நான் கொத்தனாராக இருந்தால் அவனைச் சித்தாளாகச் சேர்த்துக்கொள்வேன். ஆனால் 'அம்மா' என்ற சொல்லை அவன் ஒரு தடவைகூட எழுதவில்லை.

பள்ளியில் அப்படி எழுதச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? டீச்சரிடம் சண்டை போடச் சொல்ல மாட்டேன். எழுதட்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்லைக் கையால் மூடிவிட்டு, வாயால் சொல்லிக்கொண்டு, பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள். மூன்று தடவை அப்படி வந்தால் மீதி ஏழை எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும். பிள்ளையின் கையைப் பிடித்து நீங்களே எழுதிவிடுவதும், அக்காவை விட்டு எழுத வைப்பதும் வேண்டாம். எங்களுக்கு எழுத்தைப் பார்த்ததுமே தெரியும்.

வீட்டில் ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும் என்பது என் கணக்கு. அதில் பத்து நிமிடம் வாசிப்பு. சோதனையில் எந்த நிலை வந்ததோ அந்த நிலையில்தான். சொல் நிலையில் இருக்கிற பிள்ளைக்குப் பாடப்புத்தகக் கதையைக் கொடுத்தால் அது ஒப்பிக்கக் கற்றுக்கொள்ளும், என் மகள் மாதிரி. முதலில் நீங்கள் ஒரு வரி, பிறகு அதே வரியைப் பிள்ளை விரல் வைத்து. நான்கு வரி முடிந்ததும் கடைசி வரியிலிருந்து மேலே மேலே வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் ஆகியிருந்தால் அங்கே குட்டு வெளிப்பட்டுவிடும்.

பிறகு ஐந்து நிமிடம் சிலேட்டு. சோதனையில் தப்பிய சொல்லிலிருந்து ஐந்து சொல், நீங்கள் சொல்ல அது எழுத வேண்டும். நோட்டை விடச் சிலேட்டு நல்லது, தப்பை எச்சில் தொட்டு அழித்துவிட்டால் தடயம் இல்லை. (எச்சில் வேண்டாம், ஈரத்துணி என்று நான் சொல்லத்தான் செய்கிறேன்.) பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெள்ளைப் பக்கத்தை வெட்டி எழுத்து அட்டை செய்துகொண்டால் மழைநாளில் சீட்டு விளையாடலாம். க, ட, ல், ம் என்று நான்கு அட்டையில் எத்தனை சொல் வருகிறது என்று பாருங்கள். கடல் வரும், கல் வரும், கடம் வரும். 'மடல்' கேட்டால் மவில் புள்ளியை மறைத்துக்கொள்கிறார்கள், அனுமதிக்கலாம்.

மீதி ஐந்து நிமிடத்துக்குப் புத்தகமே வேண்டாம். தினசரி நாள்காட்டியில் தாள் கிழிக்கிற வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். கிழமை, தமிழ் மாதம் இரண்டையும் வாசித்துவிட்டுத்தான் கிழிக்க வேண்டும். என் வகுப்பில் ஒரு பையன் முதன்முதலில் தானாக வாசித்த சொல் 'செவ்வாய்'. இன்னொருத்தன் ராகு காலம் வரைக்கும் வாசித்துவிட்டு, அந்த நேரத்தில் கணக்குப் போடக் கூடாது என்று என்னிடமே சட்டம் பேசினான். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது பஸ் போர்டு: சுரண்டை, பாவூர்சத்திரம், சங்கரன்கோவில். பஸ் நிற்பதற்குள் வாசித்தாக வேண்டும் என்பதால் வேகமும் வரும். ரேஷன் கடைப் பலகையில் அரிசி, சீனி, பருப்பு. மளிகைச் சீட்டைப் பிள்ளை வாசிக்க, நீங்கள் டப்பாவைத் திறந்து இருக்கிறதா என்று பாருங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா என்றால்

எங்கள் பக்கம் பெண்களுக்குப் பீடி வேலை. சொளவை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு இலையில் தூளைப் போட்டுச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள், கண் நிமிராது. "எனக்கே ஒண்ணும் தெரியாதே டீச்சர், நான் எங்க சோதிக்க?" என்று கேட்டவர்கள் பல பேர். அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த வழி, படித்த பெற்றோருக்கும் பயன்படுகிறது.

பிள்ளை வாசிக்கும்போது எழுத்தைப் பார்க்க வேண்டாம், விரலைப் பாருங்கள். வரி முடியும்போது விரலும் வாயும் ஒன்றாக முடிகிறதா? வாய் முடிந்து விரல் பாதி வரியில் கிடந்தாலும், விரல் ஓரத்துக்குப் போன பிறகும் வாய் ஓடிக்கொண்டிருந்தாலும், அது வாசிப்பு இல்லை. அடுத்து, பிள்ளை வாசித்த ஒரு சொல்லை, உதாரணமாக 'வேப்பிலை' என்று வைத்துக்கொள்ளுங்கள், "அது எங்க இருக்கு, தொடு" என்று கேளுங்கள். நேராகப் போய்த் தொட்டால் சரி. முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்தால் சரியில்லை. கை பாட்டுக்குப் பீடி சுற்றட்டும், காது சும்மாதானே இருக்கிறது. வாசித்து முடித்ததும் "அந்த ஆடு ஏன் கத்துச்சாம்?" என்று கேட்பதற்கு எழுத்தறிவு வேண்டாம். கதை கேட்கிற ஆர்வம் இருந்தால் போதும், அது எங்கள் ஊர்ப் பெண்களிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது.

எப்போது டீச்சரிடம் போக வேண்டும்

இரண்டு மாதம் தினமும் உட்கார்ந்தும் எழுத்து நிலையிலேயே நிற்கிறது, நேற்று தெரிந்த எழுத்து இன்று தெரியவில்லை என்றால் டீச்சரைப் பாருங்கள், தாளையும் கொண்டுபோங்கள். அதற்கு முன்னால் கண், காது. புத்தகத்தை மூக்குக்குக் கொண்டுபோகிறதா, தலையைச் சாய்த்துப் பார்க்கிறதா, கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்க்கிறதா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறதா, அடிக்கடி சளி பிடித்துக் காது வலிக்கிறதா. கண்ணாடி போட்ட மறுவாரம் சொல் நிலையிலிருந்து பத்திக்குத் தாவிய பிள்ளை எனக்கே இருந்தாள். அதுவரை அவளை மந்தம் என்று நானும் நினைத்திருந்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. கண்ணும் காதும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், டீச்சர் மூலமாகக் கேளுங்கள். நீங்களாக இணையத்தில் பார்த்து ஒரு வியாதிப் பெயரை ஒட்டிவிடாதீர்கள்.

ஆறு வாரம் கழித்து

முதல் தாளில் தேதி போட்டுப் பத்திரமாக வைத்திருங்கள். ஆறு வாரம் கழித்து இரண்டாவது சோதனை. அதற்கு முன்னால் ஒவ்வொரு வாரமும் எடுத்துக்கொண்டிருந்தால் செடியைப் பிடுங்கி வேர் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற கதைதான்.

இரண்டாம் தடவைக்கு எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். ஒரு வருடம் நான் சோம்பல்பட்டு, கோழிக் கதையையே எடுத்து, கோழிக்குப் பதில் பூனை, நெல்லுக்குப் பதில் கருவாடு என்று மாற்றிக் கொடுத்தேன். ஒருவன் தாளை வாங்கினான், விரலைப் 'பூனை' மேல் வைத்தான், "கோழி ஒன்று ஓடி வந்து நெல்லைக் கொத்தியது" என்று கடைசிவரை கணீரென்று வாசித்து முடித்தான். அவனுக்கு மறுநாளிலிருந்து மறுபடியும் சொற்கள்: படம், மயில், கூடை.